இயற்பியல், வேதியியல் சொல்லித்தரும் ஆசிரியர்களின் கேள்விகள்: எந்தப் பயிற்சி உதவும்?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் தமிழ் பேசும் ஆசிரியர்கள் பலர் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். பிறகு இளம் ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதே வேலையாகிப்போனது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயருக்குப் பதில் அவர்கள் வட்டாரத்தைப் போட்டிருக்கிறேன்.

ஈசூன், தொடக்கப்பள்ளி ஆசிரியை: அக்கா, நான் படித்தது இலக்கியம். ஆங்கிலம், கணிதத்தோடு அறிவியலும் என் தலையில் விழுந்திருக்கிறது. தொடக்கநிலை 5-இல் மின்சுற்று வருகிறது. எந்த வகுப்பில் சேரலாம்?

தொடக்கப்பள்ளியில் பலருக்கும் இதே நிலைதான், கூச்சம் வேண்டாம். தேசியக் கல்விக் கழகத்திலும் ஆசிரியர் அகாடமியிலும் வகுப்புகள் நடக்கின்றன. கற்பித்தல் உத்திகள் என்ற தலைப்பில் நிறைய கண்ணில் படும். உங்களுக்கு முதலில் வேண்டியது பாடப்பொருள். சுற்றைக் கையால் இணைத்துப் பார்க்க வைக்கிற வகுப்பாகத் தேடுங்கள்.

சேரும் முன் ஒரு வேலை. ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்ப், ஒரே ஒரு கம்பி. இவற்றை மட்டும் வைத்து பல்பை எரியவிடுங்கள். பல்பின் அடிமுனையும் பக்கத்து உலோகமும் தனித்தனி முனைகள் என்பது அப்போதுதான் பிடிபடும். அடுத்து இரண்டு பல்புகளைத் தொடராக, அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, இணைக்கப் போவதாகச் சொல்லி, எது அதிகம் ஒளிரும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேளுங்கள். ‘முதல் பல்ப் கரண்டைக் கொஞ்சம் தின்றுவிடும், இரண்டாவது மங்கலாகத்தான் எரியும்’ என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். தொடர்ச்சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒரே அளவுதான். பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றல்.

இதில் ஒரு வம்பு உண்டு. ஒரே அளவு அச்சிட்ட பல்புகள்கூட முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று சற்றுக் கூடுதலாக ஒளிர்ந்தால் ‘பார்த்தீங்களா டீச்சர்!’ என்று வகுப்பே எழுந்து நிற்கும். பதறாமல் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிரகாசமான பல்ப் எங்கே போனாலும் பிரகாசமாகவே இருக்கும். வித்தியாசம் பல்பில்தான், இடத்தில் இல்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இது ஸ்லைடில் வராது, மேசையில் செய்து பார்த்தால்தான் தெரியும்.

பொங்கோல்: ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி கட்டாயமா?

இல்லை. 1998 முதல் ஆசிரியர்களுக்குள்ள உரிமை அது. நிரப்பியே ஆக வேண்டிய கணக்காக நினைத்தால், காலியிடம் இருக்கிற வகுப்பிலெல்லாம் பெயர் கொடுக்கத் தோன்றும். நீங்கள் நடத்தத் தயங்குகிற ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியே ஓர் ஆண்டைச் செலவிடலாம்.

தெம்பனீஸ்: நிழல் பாடத்துக்காக மாணவர்களைத் திடலுக்கு அழைத்துப் போனேன். நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போனது. எங்கே கோளாறு?

கோளாறு கடிகாரத்தில்தான்! சிங்கப்பூர் ஏறக்குறைய 103.8 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் கடிகாரமோ 1982 ஜனவரி 1 முதல் 120 டிகிரிக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று போட்டால் வித்தியாசம் சுமார் 65 நிமிடம். அதனால் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 1.05-க்கு. அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும்: நவம்பர் தொடக்கத்தில் 12.50-ஐ ஒட்டி, பிப்ரவரி நடுவில் 1.20-ஐ ஒட்டி.

இதை ஆசிரியர்களே ஒரு பயிற்சியாகச் செய்யலாம் என்பது என் ஆசை. ஒரு மீட்டர் குச்சியை நட்டு, 12.15-இலிருந்து கால்மணிக்கு ஒருமுறை நிழல்முனையைக் குறியுங்கள். ஜூன் கடைசியில் உச்சிநேர நிழல் சுமார் 40 செ.மீ. நீளத்தில் தெற்கே விழும். டிசம்பர் கடைசியில் 46 செ.மீ. அளவில் வடக்கே விழும். மார்ச், செப்டம்பர் பிற்பகுதியில் சில நாட்கள் நிழல் இருக்கிற இடமே தெரியாது. வடக்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் நாடுகளின் பாடநூல்களில் உச்சிநேர நிழல் எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். நமக்கு இரண்டு பக்கமும் விழுகிறது. பயிற்சியில் கிடைக்கும் வெளிநாட்டுப் பாடத்திட்டங்களை அப்படியே எடுத்து நடத்த வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜூரோங், உயர்நிலை: தண்டைத் துணியில் தேய்த்துச் செய்யும் நிலைமின் சோதனைகள் எனக்கு மட்டும் ஓடுவதே இல்லை.

உங்களுக்கு மட்டுமில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் மின்னூட்டம் நிற்காது. ஏர்கான் அறையில் செய்யுங்கள், தண்டையும் துணியையும் முடி உலர்த்தியால் முதலில் காய வையுங்கள். மாறாக, ஐஸ் போட்ட குவளையில் நீர் துளிர்ப்பதைக் காட்ட நம் ஊரை விட்டால் வேறு இடம் இல்லை.

அங் மோ கியோ: என் பட்டம் உயிரியலில். இப்போது இயற்பியலும் நடத்தச் சொல்கிறார்கள். சூத்திரங்கள் மனப்பாடம், ஆனாலும் உள்ளுக்குள் பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது. 1992-இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டெனஸும் சகாக்களும் விசை பற்றிய ஒரு தேர்வை வெளியிட்டார்கள். கணக்கே கிடையாது, எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கணக்கை நன்றாகப் போடுகிறவர்கள்கூட அதில் தடுமாறினார்கள். ஒரு மாதிரி: பந்தை மேலே எறிகிறீர்கள். கையை விட்டபின், மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசை எந்தப் பக்கம்? காற்றுத்தடையை விட்டுவிட்டால் புவியீர்ப்பு ஒன்றுதான், கீழ்நோக்கி. மேலே தள்ளும் விசை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றினால், அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பக்கத்து மேசை இயற்பியல் ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருங்கள், அவரையும் உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

செங்காங்: எங்கள் பள்ளியில் ஆசிரியர் கற்றல் குழு கூடுகிறது. படிவம் நிரப்புவதிலேயே நேரம் போய்விடுகிறது.

இந்தப் புலம்பல் நிறைய வந்தது. அடுத்த கூட்டத்துக்கு மாணவர்களின் தவறான விடைகளை மட்டும் கொண்டு போங்கள். ‘கொதிக்கும் நீரில் வரும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது?’ என்று ஒரு வகுப்பில் எழுதச் சொல்லுங்கள். காற்று என்பார்கள், ஆக்ஸிஜன் என்பார்கள், வெப்பம் என்றும் எழுதுவார்கள். (நீராவிதான். சூடாகத் தொடங்கும்போது எழும் குட்டிக் குமிழிகளில் கரைந்திருந்த காற்று இருக்கும், குழப்பத்தில் பாதி அதனால்தான்.) ஏன் அப்படி நினைத்தார்கள், அடுத்து எதைக் காட்டலாம் என்று பேசத் தொடங்கினால் படிவம் தானாக நிரம்பிவிடும். முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு பார்க்க வைத்து, அப்புறம் விளக்கச் சொல்கிற முறை வைட், கன்ஸ்டோன் என்ற இருவரால் பரவியது. குழுவாகத் திட்டமிட அது சுலபம்.

பிடோக்: கம்ப்யூட்டரிலேயே மின்சுற்றைச் செய்துகாட்டினால் போதாதா?

நோபெல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் கொலராடோவில் தொடங்கிய ஃபெட் (PhET) இணையத்தளத்தில், திரையிலேயே செய்துபார்க்கும் அருமையான பாவனைச் சோதனைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் நிஜ பல்புக்குப் பிறகு. திரையில் எல்லா பல்பும் ஒன்றுபோலவே எரியும். மேலே சொன்ன வம்பு அங்கே வராது, அது கிளப்பும் பேச்சும் வராது.

மறுபடியும் ஈசூன்: அக்கா, பல்ப் எங்கே வாங்குவது?

முதலில் உங்கள் பள்ளியின் அறிவியல் அறை அலமாரியைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர். சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விடாதீர்கள், அது வேறு கட்டடம். 2.5 வோல்ட் டார்ச் பல்ப் கேளுங்கள், கூடவே ஹோல்டரும். எல்இடி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஒரு திசையில்தான் மின்னோட்டத்தை விடும். திருப்பிப் போட்டால் எரியாது, பிள்ளைகள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார்கள்.