ஃப்ரீசருக்குள் 6552 டிகிரி: பைனரி தரவு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் ஒரு பிஎன்ஜி படத்தைத் திறந்து படித்தால் 'யூனிகோட் டீகோட் எரர்' வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கும். திறக்கும்போது வெறும் 'ஆர்' (r, டெக்ஸ்டாகப் படி) போட்டிருப்பீர்கள். பைத்தான் அதை எழுத்து என்று நினைத்துக்கொண்டது. 'ஆர்பி' (rb, பைட்களை அப்படியே படி) போடுங்கள்.

எந்த பிஎன்ஜியை எடுத்தாலும் முதல் எட்டு பைட் இவைதான்: 137 80 78 71 13 10 26 10. எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் எந்த எழுத்தும் 137இல் தொடங்காது. அதனால் முதல் பைட்டிலேயே மாட்டிக்கொள்கிறது. 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி. 13, 10 விண்டோஸ் பாணி வரி முடிவு. வழியில் ஏதாவது மென்பொருள் இதை டெக்ஸ்ட் என்று எண்ணி வரி முடிவை மாற்றியிருந்தால் இங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். 26, பழைய டாஸில் கோப்பைத் திரையில் கொட்டினால் அங்கேயே நிறுத்துவதற்கு. எட்டே பைட்டில் எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

கேள்வி: 'ஆர்பி' போட்டேன் சார். படத்தின் அகலம் 800. எனக்கு 537067520 என்று வருகிறதே?

பதில்: நான்கு பைட்டைத் தலைகீழாகப் படிக்கிறீர்கள். 17ஆவது பைட்டிலிருந்து 0 0 3 32 இருக்கும். 3×256+32 என்றால் 800. பின்னாலிருந்து படித்தால் உங்கள் 53 கோடி. பிஎன்ஜியில் பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும். இன்டெல் கணினியில் சிறியது முதலில். பைத்தானின் ஸ்ட்ரக்ட் தொகுதியால் பைட்களை எண்ணாக மாற்றும்போது (அன்பேக்) வடிவக் குறியீட்டுக்கு முன்னால் '>' குறி போடுங்கள். போடாவிட்டால் உங்கள் கணினியின் வழக்கப்படி படித்துவிடும்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்த சென்சார் பத்தில் ஒரு டிகிரி கணக்கில் இரண்டு பைட் அனுப்புகிறது. 6552.6 டிகிரி காட்டுகிறது!

பதில்: ஐஸ்கிரீம் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதீர்கள். வந்த பைட்கள் 255, 246. குறி இல்லாத (மைனஸே கிடையாத) எண்ணாகப் படித்தால் 65526. குறியுள்ள எண்ணாகப் படித்தால் 65536ஐக் கழித்து மைனஸ் 10, அதாவது மைனஸ் 1 டிகிரி. ஸ்ட்ரக்டில் பெரிய ஹெச் (H, குறி இல்லாதது) போட்டிருப்பீர்கள், சிறிய ஹெச் (h, குறியுள்ளது) போடுங்கள்.

கேள்வி: சி மொழியில் இருந்த ஹாஷ் ஃபங்ஷனை (எந்தத் தரவையும் ஓர் எண்ணாகச் சுருக்குவது) அப்படியே பைத்தானில் எழுதினேன். விடை நாற்பது இலக்கத்துக்குப் போகிறது.

பதில்: சியில் குறி இல்லாத 32 பிட் எண்ணில் 32 பிட்டுக்கு மேல் போனது தானாக உதிர்ந்துவிடும், அந்த ஹாஷ் அதை நம்பித்தான் எழுதப்பட்டது. பைத்தான் இன்டிஜருக்கு எல்லையே கிடையாது, பெருக்கப் பெருக்க வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் '& 4294967295' போட்டு வெட்டுங்கள். ஆனால் நம்பை (NumPy) என்ற பைத்தான் கணக்கு நூலகத்தின் அரேக்குள் (எண் வரிசைக்குள்) போய்விட்டால் கதை வேறு. அங்கே குறியுள்ள 32 பிட் எண் சத்தமே இல்லாமல் சுற்றி மைனஸுக்குப் போய்விடும்.

கேள்வி: அண்ணா, சர்வர் அனுப்பும் ஐடி 9007199254740993. பிரவுசரில் கடைசி இலக்கம் 2 ஆகிவிடுகிறது.

பதில்: பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சாதாரண எண்கள் எல்லாம் டபுள்தான் (64 பிட் தசம எண்) தம்பி. 9007199254740991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் உத்தரவாதம். சர்வர் அனுப்பும் ஜேசன் டெக்ஸ்டைப் பிரித்த பிறகு பிக்இன்ட் (எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் வகை) ஆக்கிப் பயனில்லை, இலக்கம் முன்பே போய்விட்டது. ஐடியை ஸ்ட்ரிங்காக அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்துக் கூட்டிக் கழிக்கவா போகிறோம்?

கேள்வி: பைத்தானில் எழுதினால் 2038 பிரச்சினை வராதுதானே?

பதில்: உங்கள் எண்ணுக்கு வராது, நீங்கள் எழுதும் கோப்புக்கு வரலாம். கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து நொடிகளாக எண்ணுகின்றன; அதைக் குறியுள்ள நான்கு பைட்டில் போட்டால் 2147483647தான் உச்சம். அந்த எண்ணிக்கை நிரம்புவது இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியை பேக் செய்ய (பைட்களாக மாற்ற)ப் பார்த்தால் ஸ்ட்ரக்ட் எரர் கொடுத்து நின்றுவிடும். எரிச்சலில் அதை டிரை-எக்ஸெப்ட் (எரரைப் பிடித்துக்கொள்ளும் கட்டளை) போட்டு மூடிவிடாதீர்கள்; எட்டு பைட்டுக்கு மாறுங்கள்.