குறுந்தகட்டுப் பாடத்தைக் கைப்பேசிச் செயலியாக்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காக ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து 2009 வாக்கில் ஃபிளாஷ் என்னும் அசைவூட்ட மென்பொருளில் ஒரு பல்லூடகக் குறுந்தகடு தயாரித்தோம். எழுத்துகள், அவற்றின் ஒலிப்பு, பாடல்கள், சிறு விளையாட்டுகள் எல்லாம் அதில் உண்டு. இப்போது எந்தக் கணினியிலும் அது திறப்பதில்லை. அதற்கு ஒரு நேட்டிவ் உறை போட்டால் ஆண்ட்ராய்டு செயலியாக்கிவிடலாம் என்றும், குழந்தை தன் குரலைப் பதிவுசெய்து கேட்கும் வசதியையும் சேர்க்கலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். இது நடக்கக்கூடியதா?
– ஆசிரியை ஒருவர், பாலக்கோடு

பதில்: நடக்கக்கூடியதே. ஆனால் உறை எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நேட்டிவ் என்றால் கைப்பேசியின் இயங்குதளத்துக்கென்றே எழுதியது; உறை என்பது கோட்லின் அல்லது ஜாவா மொழியில் எழுதப்படும் ஒரு சிறிய ஆண்ட்ராய்டு செயலி. அது தன் திரை முழுவதையும் வெப்வியூ என்னும் உள்ளடங்கிய உலாவியிடம் ஒப்படைத்து, அதற்குள் உங்கள் பாடத்தை ஓடவிடுகிறது. ஒலிவாங்கி, இருப்பிடம், அறிவிப்பு, பூட்டிய திரையில் ஒலி முதலியவற்றுக்குப் பாடத்தின் சார்பில் கைப்பேசியிடம் பேசுகிறது. ஓடாமல் நின்றுபோன பாடத்தை அதனால் ஓடவைக்க முடியாது. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-இல் முடித்துக்கொண்டது; 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. ஆண்ட்ராய்டில் 2012 ஆகஸ்டிலேயே அதைப் புதிதாக நிறுவும் வழி அடைபட்டுவிட்டது. ஐபோன் உலாவியிலோ அது ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே, உறையைத் தொடுவதற்கு முன் பாடத்தை இன்றைய உலாவிக்குப் புரியும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

உங்களிடம் எஃப்எல்ஏ என்னும் மூலக்கோப்புகள் இருக்கின்றனவா, குறுந்தகட்டில் உள்ள எஸ்டபிள்யூஎஃப் கோப்புகள் மட்டுமே எஞ்சியுள்ளனவா என்பதைப் பொறுத்து வழி மாறும். மூலக்கோப்புகள் இருந்தால், ஃபிளாஷின் வழித்தோன்றலான அடோபி அனிமேட்டில் அவற்றைத் திறந்து எச்டிஎம்எல்5 கேன்வாஸ் வடிவத்துக்கு மாற்றலாம். படமும் அசைவும் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும், ஆனால் ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் எழுதிய நிரல் வராது, அதை ஜாவாஸ்கிரிப்டில் மீண்டும் எழுத வேண்டும். எஸ்டபிள்யூஎஃப் மட்டுமே இருந்தால் ரஃபிளை முயன்றுபாருங்கள். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு, வெப்அசெம்பிளி என்னும் நிரல் வடிவில் உலாவிக்குள் ஓடும் இந்தத் திறந்தமூல மென்பொருள், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஆகியவற்றில் அமைந்த படைப்புகளை நன்றாகவே ஓட்டுகிறது. 3-ஆம் பதிப்புக்கான ஆதரவு இன்னும் முழுமை அடையவில்லை. அந்தக் காலத்துப் பள்ளிக் குறுந்தகடுகளில் பல 2-ஆம் பதிப்பில் எழுதப்பட்டவை என்பதால், உங்கள் பாடம் தப்பிப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 3-ஆம் பதிப்பில் கனமாக எழுதப்பட்டிருந்து மூலமும் கையில் இருந்தால், 2019 முதல் ஹார்மன் நிறுவனம் பராமரித்துவரும் ஏர் (ஃபிளாஷ் படைப்பைச் செயலியாகக் கட்டும் கருவி) வழியாகச் செயலியாக்கலாம். நேட்டிவ் நிரலைக் கூடுதலாக இணைக்கும் வசதி ஏரிலேயே உண்டு.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். அக்காலத்துப் பாடங்களில் எழுத்துகள் டாப், டாம், டிஸ்கி, பாமினி போன்ற, யுனிகோடு அல்லாத பழைய குறியேற்றங்களில் இருக்கும். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருந்தால் திரையில் தமிழ் சரியாகத் தெரியும். ஆனால் அதைத் தேட முடியாது, பார்வையற்ற குழந்தைக்குத் திரைவாசிப்பான் வாசித்துக்காட்டவும் முடியாது. நேட்டிவ் உறையின் பயன்களில் ஒன்று, கைப்பேசியில் உள்ள தமிழ்க் குரலைக் கொண்டு உரையைப் படிக்கச் செய்வது. யுனிகோடுக்கு மாற்றாத உரையில் அந்தப் பயன் கிடைக்காது. மாற்றுவது சலிப்பூட்டும் வேலைதான், எனினும் தவிர்க்காதீர்கள்.

அடுத்தது உறை. பாடக் கோப்புகளைச் செயலியின் அசெட்ஸ் கோப்புறையில் வைத்து, உள்ளூர்க் கோப்பாக நேரே திறப்பதுதான் பலர் முதலில் செய்வது. முகப்பு தெரியும், பாடம் தொடங்காது. காரணம், உள்ளூர்க் கோப்பாகத் திறந்த பக்கத்துக்கு முறையான பிறப்பிடம் (எந்த முகவரியிலிருந்து வந்தது என்ற அடையாளம்) இல்லை என்று வெப்வியூ கருதுவதால், அந்தப் பக்கம் தனக்குத் தேவையான மற்றக் கோப்புகளைக் கேட்டுப் பெற முடிவதில்லை. வெப்அசெம்பிளியையும் பாடக் கோப்பையும் அப்படிக் கேட்டுப் பெறுகிற ரஃபிள் அங்கேயே நின்றுவிடும். இதற்காகவே வெப்வியூ அசெட் லோடர் என்னும் நூலகத்தைக் கூகுள் தந்திருக்கிறது. கைப்பேசிக்குள் இருக்கும் கோப்பையே ஒரு பாதுகாப்பான இணைய முகவரியிலிருந்து வருவதுபோல் அது பக்கத்துக்குக் காட்டும். இணையத் தொடர்பு தேவையில்லை.

அந்தப் பாதுகாப்பான முகவரி குரல் பதிவுக்கும் தேவை, ஏனெனில் பாதுகாப்பற்ற பக்கத்துக்கு உலாவி ஒலிவாங்கியைத் திறப்பதில்லை. அதன்பின் மூன்று இடங்களில் அனுமதி ஒத்துப்போக வேண்டும்: செயலி தன் தேவைகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒலிப்பதிவு அனுமதி குறிக்கப்பட்டிருக்க வேண்டும்; ஆண்ட்ராய்டு 6 முதல் ஓடும் நேரத்தில் பயனரிடமும் கேட்டுப் பெற வேண்டும்; பக்கம் ஒலிவாங்கியைக் கேட்கும்போது உறை அந்தக் கோரிக்கையை வாங்கி இசைவு தர வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் பதிவு நடக்காது, தெளிவான பிழைச்செய்தியும் வராது. நீங்கள் ரஃபிள் வழியில் போவதாக இருந்தால், பழைய பாடத்துக்குள் இந்த வசதியைத் திணிக்க முயலாமல், பதிவுப் பொத்தானையும் கேட்கும் பொத்தானையும் பாடத்துக்கு வெளியே, உறையின் நேட்டிவ் திரையிலேயே வைத்துவிடுங்கள் என்பது என் பரிந்துரை. குழந்தைகளின் குரல் என்பதால் அதைச் செயலியின் சொந்தச் சேமிப்பிடத்துக்கு வெளியே எங்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்கள், கல்திட்டைகள் பற்றிப் படங்களும் ஒலி விளக்கமும் கொண்ட ஓர் இணையப் பக்கத்தை நண்பர்களுடன் உருவாக்கியுள்ளேன். அதைச் செயலிக்குள் வைத்து, ஒருவர் ஒரு கல்லை நெருங்கியதும் விளக்கம் தானே ஒலிக்கும்படியும், திரையை அணைத்துப் பையில் போட்டாலும் ஒலி தொடரும்படியும் செய்ய விரும்புகிறேன். வெப்வியூவே போதுமா?
– கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: படத்துக்கும் உரைக்கும் போதும். ஒலிக்குப் போதாது. திரை அணைந்து செயலி பின்னணிக்குப் போனபின், வெப்வியூவில் ஓடும் ஒலி தொடரும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. நினைவகம் தேவைப்படும்போது ஆண்ட்ராய்டு அந்தச் செயலியையே நிறுத்திவிடலாம். ஒலியைப் பக்கத்திலிருந்து முற்றாக எடுத்து, மீடியா3 என்னும் ஆண்ட்ராய்டு நூலகத்தின் எக்ஸோபிளேயர் என்ற ஒலிப்பானிடம் கொடுத்து, அதை முன்னணிச் சேவையாக (திரை அணைந்தாலும் அறிவிப்புடன் தொடர்ந்து ஓடும் பகுதியாக) ஓடவிடுவதே சரியான வழி. அப்போது அறிவிப்புப் பகுதியிலும் பூட்டிய திரையிலும் நிறுத்து, தொடர் பொத்தான்கள் கிடைக்கும்; அழைப்பு வந்தால் விளக்கம் தானே நின்று, பேசி முடித்தபின் தொடரும்படியும் அமைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காகக் கொண்ட செயலியில் இந்தச் சேவை ஊடகம் ஒலிக்கச் செய்யும் வகையைச் சேர்ந்தது என்று மேனிஃபெஸ்டில் அறிவிக்க வேண்டும், அதற்குரிய அனுமதியையும் குறிக்க வேண்டும். இல்லையேல் சேவை தொடங்கும்போதே செயலி முறிந்துவிடும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக் காட்டப் பயனரின் இசைவு வேண்டும் என்றாலும், ஊடக அமர்வோடு இணைந்த அறிவிப்புக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

ஒலி நேட்டிவ் நிரலின் கைக்குப் போனதும் ஒரு புதிய கேள்வி எழும். இப்போது எந்த விளக்கம் ஒலிக்கிறது, எத்தனையாவது நொடியில் நிற்கிறது என்பதை யார் நினைவில் வைத்திருப்பது? பக்கமும் ஒரு கணக்கு, பிளேயரும் ஒரு கணக்கு என்று வைத்திருந்தால், பூட்டிய திரையில் ஒருவர் நிறுத்தியபின் பக்கத்தில் ‘ஒலிக்கிறது’ என்ற குறியே நிற்கும். இவ்வகைச் செயலிகளில் தோன்றும் விளங்காத கோளாறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நிலவரத்தின் உரிமை பிளேயரிடம் மட்டுமே இருக்கட்டும். பக்கம் ‘இதை ஒலிக்கச் செய்’, ‘நிறுத்து’ என்று கேட்க மட்டும் செய்யட்டும். உண்மையில் நடந்தது என்ன என்பதை உறை திருப்பிச் சொன்னபின்பே பொத்தானின் உருவம் மாறட்டும். இருபுறமும் பரிமாறும் செய்திகள் நான்கைந்துக்குள் அடங்கினால், பின்னாளில் பக்கத்தையோ உறையையோ மற்றதைத் தொடாமல் மாற்ற முடியும்.

இருப்பிடத்தைப் பொறுத்தவரை, அஞ்செட்டி மலைப்பகுதி போன்ற இடங்களில் கைப்பேசிச் சிக்னல் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள்வழி இருப்பிடம் கிடைக்கும். வரைபடப் படங்களுக்குத்தான் இணையம் வேண்டும், ஆகவே அவற்றை முன்கூட்டியே செயலிக்குள் வையுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் பயனர் தோராயமான இருப்பிடத்தை மட்டும் தரத் தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தருபவருக்கு அருகிலுள்ள கற்களின் பட்டியலைக் காட்டி, அவரே தொட்டுக் கேட்கும்படி விடுங்கள். துல்லியமான இருப்பிடம் தராதவருக்குச் செயலியே இல்லை என்று கதவடைப்பது முறையன்று. இன்னொரு வேண்டுகோளும் உண்டு: தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களுக்குக் காவல் இருக்கிறது, வயல் வரப்பில் தனியே நிற்பவற்றுக்கு இல்லை. பின்னவற்றின் துல்லியமான இடக்குறியைச் செயலியில் வெளியிடாமல் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கேள்வி: பக்கத்திலிருந்து நேட்டிவ் நிரலை அழைக்கும் பாலம் ஆபத்தானது என்கிறார்களே?
– வாசகர் ஒருவர், தேன்கனிக்கோட்டை

பதில்: அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆண்ட்ராய்டு 4.2-க்கு முன்பு, பாலத்தில் வைத்த ஒரு பொருளின் பொது வழிமுறைகள் அனைத்தையும் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் அழைக்க முடிந்தது. அதன் வழியே செயலியின் அனுமதிகளைக் கொண்டு விரும்பிய எதையும் செய்ய வழி இருந்தது. அந்தப் பதிப்பிலிருந்து, அதற்கென்று வெளிப்படையாகக் குறியிட்ட வழிமுறைகள் மட்டுமே பக்கத்துக்குத் தெரியும். இருந்தும் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது: அந்தப் பாலம் உங்கள் பக்கத்துக்கு மட்டுமன்றி, அதே வெப்வியூவில் திறக்கும் எந்தப் பக்கத்துக்கும், பக்கத்துக்குள் பதிந்துள்ள விளம்பரச் சட்டகத்துக்கும்கூடக் கிடைக்கும். எனவே வெளி இணைப்புகளைக் கைப்பேசியின் உலாவிக்கே அனுப்பிவிடுங்கள். ஆண்ட்ராய்டுஎக்ஸ் வெப்கிட் நூலகத்தில், எந்த முகவரியிலிருந்து வரும் செய்தியை ஏற்பது என்று வரையறுக்கும் செய்திவழி ஒன்று இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் அதையே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: உறையை நாமே எழுதுவதா, கோர்டோவா, கெபாசிட்டர் போன்ற ஆயத்தக் கட்டமைப்பை எடுப்பதா? ஐபோனுக்கும் வெளியிட எண்ணம்.
– மென்பொருள் பணியாளர், ஓசூர்

பதில்: ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் நாமே எழுதுவதையே விரும்புவேன்; சில நூறு வரிகளில் முடியக்கூடிய வேலை. இரண்டுக்கும் என்றால் கெபாசிட்டர் நல்ல தேர்வு, ஏனெனில் அது உருவாக்கும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் திட்டங்கள் உங்கள் கையிலேயே இருக்கும், தேவையான நேட்டிவ் நிரலை நேரே அவற்றில் எழுதலாம். இவ்வகைக் கட்டமைப்புகளில் முந்தியதான ஃபோன்கேப்பின் வரலாற்றை நினைவில் வையுங்கள்: அதை உருவாக்கிய நிட்டோபி நிறுவனத்தை 2011-இல் அடோபி வாங்கியது, மூலநிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்குச் சென்று கோர்டோவா ஆயிற்று, 2020-இல் அடோபி தன் ஃபோன்கேப் சேவையை மூடியபோது, செயலியைக் கட்டித்தர அந்தச் சேவையையே நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட நேர்ந்தது, கோர்டோவாவோ தொடர்ந்தது.

ஐபோன் பக்கம் கூடுதல் நிபந்தனைகள் உள்ளன. செயலியைக் கட்ட மேக் கணினி வேண்டும். செயலி வெளியிட ஆப்பிளுக்கு ஆண்டுக் கட்டணம் 99 டாலர், கூகுளிலோ ஒரே முறை 25 டாலர். யுஐவெப்வியூ என்னும் பழைய உள்ளடங்கிய உலாவியைக் கொண்ட புதிய செயலிகளை 2020 ஏப்ரல் முதல் ஆப்பிள் ஏற்பதில்லை, டபிள்யூகே வெப்வியூதான் வேண்டும். பக்கத்துக்குள்ளிருந்து ஒலிவாங்கியைத் திறக்கும் வசதி அதில் ஐஓஎஸ் 14.3-இல்தான் வந்தது. இணையதளத்தை அப்படியே சுற்றிக்கட்டிய செயலியை ஆப்பிளின் 4.2-ஆம் விதி நிராகரிக்கும். அந்த விதி நியாயமானது என்றே நினைக்கிறேன். உலாவியில் கிடைக்காத ஒன்றைத் தராத உறைக்கு ஒருவருடைய கைப்பேசியில் இடம் கேட்க உரிமை இல்லை.

கேள்வி: எங்கள் பாடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் காணொளிகள் உள்ளன. மொத்தம் 600 எம்பியைத் தாண்டுகிறது. பெற்றோரின் கைப்பேசிகளோ சிறியவை.
– ஆசிரியர், அரூர்

பதில்: முதலில் காணொளிகளை எச்.264 முறையில் 480பி அளவுக்குச் சுருக்குங்கள். கையகலத் திரைக்கு அதுவே தாராளம், பாதிச் சுமை அங்கேயே குறையலாம். கூகுள் பிளேயில் செயலியின் அடிப்படைப் பகுதி 200 எம்பிக்கு மேல் போகக்கூடாது. மிஞ்சியதை மொழிவாரியாகப் பிரித்து, பிளே அசெட் டெலிவரி வழியாகக் கேட்கும்போது மட்டும் இறங்கும் பொதிகளாக வைத்தால், கன்னடம் வேண்டாத வீட்டில் கன்னடக் காணொளி இடத்தை அடைக்காது. வெளியிடுவதற்கு 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கைப் பயன்படுத்துவதாக இருந்தால், பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையாளர்களாக இணைந்திருக்க வேண்டும் என்பது விதி. சிறிய, பழைய கைப்பேசி வைத்திருக்கும் பெற்றோர்களாகப் பார்த்து இந்தப் பன்னிரண்டு பேரையும் இப்போதே கேட்டு வையுங்கள்.