வெளி யூனிட்டில் பனி: ஹீட் பம்ப் கெட்டுவிட்டதா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஹீட் பம்ப், அதாவது கோடையில் குளிர்வித்து, குளிர்காலத்தில் சூடாக்கும் ஏசி. கோடையில் நன்றாகக் குளிர்வித்த அது, குளிர்காலம் வந்ததும் தொல்லை கொடுக்கிறது. வெளி யூனிட்டில் வெள்ளையாகப் பனி பிடிக்கிறது. சில நேரம் அதிலிருந்து புகை கிளம்புகிறது. அப்போது வீட்டுக்குள் குளிர்ந்த காற்று வருகிறது. மற்ற நேரத்திலும் காற்றில் சூடு போதவில்லை. மின்கட்டணமோ எகிறிவிட்டது. இயந்திரத்துக்குள் இருக்கும் கேஸ் தீர்ந்திருக்கும், நிரப்பிவிடுங்கள் என்கிறார்கள். நிரப்பலாமா?

பதில்: கேஸ் நிரப்பும் யோசனையைத் தள்ளிவையுங்கள். நீங்கள் எழுதியதில் பாதி கோளாறே அல்ல.

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்ச வேண்டுமானால், வெளி யூனிட்டின் 'காயில்' (coil, கேஸ் ஓடும் வளைகுழாயும் அதைச் சுற்றிய தகடுகளும்) அந்தக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். வெளியே 3 டிகிரி செல்சியஸ் என்றால் காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறையும். கடுங்குளிரைவிட 0 முதல் 5 டிகிரி வரையிலான ஈரமான நாட்களில்தான் பனி அதிகம் பிடிக்கும். கடுங்குளிர்க் காற்றில் ஈரம் குறைவு என்பதே காரணம்.

இந்தப் பனியை இயந்திரமே உருக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் வால்வு திசை மாறி, சூடான கேஸ் சில நிமிடங்கள் வெளிக் காயிலுக்குப் போகும். வெளி மின்விசிறி நிற்கும், 'உஸ்' என்று சத்தம் வரும், உருகிய நீர் ஆவியாகக் கிளம்பும். நீங்கள் பார்த்த புகை இதுதான். இந்த வெப்பம் வீட்டுக்குள்ளிருந்து எடுக்கப்படுவதால், துணை ஹீட்டர் (ஹீட் பம்ப்புக்கு உதவியாக மின்சாரத்தால் நேரடியாகச் சூடாக்குவது) ஈடுகட்டாவிட்டால் உள்ளே சற்று நேரம் குளிர்காற்று வருவதும் இயல்பே.

எனவே பனி பிடிக்கிறதா என்று பார்க்காதீர்கள். பிடித்த பனி போகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை ஆவி அடங்கியதும் வெளியே போய்க் காயிலைக் கவனியுங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் ஈரமாக, பளிச்சென்று தெரிந்தால் கவலையில்லை. பல மணி நேரமாகியும் பனி உருகாமல் தடித்து, தகடுகளின் இடைவெளியே தெரியாதபடி கட்டியாகிவிட்டால் கோளாறுதான். யூனிட் முழுவதையும் பனி மூடியிருந்தால் சந்தேகம் சென்சார், கட்டுப்பாட்டு போர்டு, வால்வு அல்லது மின்விசிறி மோட்டார் மீது போகும். காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி, மற்ற இடம் காய்ந்து கிடக்கிறது என்றால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. அடிப்பகுதியில் மட்டும் கட்டி என்றால் நீர் வடியும் துளை அடைத்திருக்கலாம். கூரையிலிருந்து யூனிட்டின் மேல் நீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

பனிக்கட்டியைக் கத்தியாலோ கம்பியாலோ குத்த வேண்டாம். காயிலில் ஓட்டை விழுந்தால் செலவு எங்கேயோ போய் நிற்கும். பிரேக்கரை அணைத்துவிட்டு, சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும், கொதிநீர் கூடாது.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். அது எரிபொருள் அல்ல, ஓடஓடத் தீர்ந்துபோவதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிவருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்பிவிட்டுப் போகும் மெக்கானிக்கை எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் யூனிட் கோடையில் நன்றாகக் குளிர்வித்திருக்கிறது. அண்மையில் கசிவு தொடங்கியிருந்தால் ஒழிய, கேஸ் மீது பழி போட முகாந்திரம் குறைவு.

காற்றின் சூட்டைக் கையால் அளக்காதீர்கள். 35 டிகிரிக் காற்று வீட்டைச் சூடாக்கப் போதும்; ஆனால் உடல் சூட்டைவிடக் குறைவு என்பதால் கைக்குக் குளிர்வது போலத் தோன்றும். உள்ளே போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். மிதமான குளிரில் 10 டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் இயந்திரம் வேலை செய்கிறது. இல்லையென்றால் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள்.

மின்கட்டணத்தில் எனக்கு முதல் சந்தேகம் துணை ஹீட்டர் மேல்தான். ஹீட் பம்ப் மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று மடங்கு வெப்பம் தரும். துணை ஹீட்டர் தருவது ஒரு மடங்குதான். இரவில் தெர்மோஸ்டாட்டை (வீட்டின் வெப்பநிலையை அமைக்கும் கருவி) நன்றாகக் குறைத்துவிட்டுக் காலையில் ஒரேயடியாக ஏற்றினால், அந்த இடைவெளியை எட்டிப்பிடிக்கத் துணை ஹீட்டர் இறங்கிவிடும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு இழுத்துக்கொள்ளும் வழி இது. ஒரே அளவில் வைத்து இரண்டு வாரம் மீட்டரைக் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் தவறுதலாக, துணை ஹீட்டர் மட்டுமே ஓடும் அவசர ஹீட்டர் நிலையில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நிலையில் கம்ப்ரசர் ஓடவே ஓடாது.

இத்தனைக்குப் பிறகும் பனி உருகவில்லை, அல்லது பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். பனி எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதைப் படம் எடுத்து வைத்திருங்கள். அவர் வரும் நேரத்தில் அது உருகிப்போயிருக்கலாம்.