சூத்திரத்துக்கு முன்னால் ஒரு படம்

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். புள்ளியியல் வகுப்பில் சூத்திரமாக ஓடுகிறது, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் படம் போட்டுப் பாருங்கள். அண்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளந்த 344 பென்குயின்களின் தரவு, ஆர் என்ற இலவச மென்பொருளில் கிடைக்கிறது. அலகின் நீளத்தைக் கிடை அச்சிலும் தடிமனை நிலை அச்சிலும் வைத்துப் புள்ளி போட்டு, புள்ளிகளின் நடுவே ஒரு கோடு இழுத்தால், நீளம் கூடக்கூடத் தடிமன் குறைவதுபோல் கோடு சரியும். சரி, அப்புறம் அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்று இனத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள். ஒவ்வொரு இனத்துக்குள்ளும் கோடு மேலே ஏறும்! ஜென்டூவுக்கு அலகு நீளம், ஆனால் மெலிசு, அதுதான் மொத்தக் கோட்டையும் கீழே இழுத்தது. இதை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டால் தொடர்புப் போக்கு (ரெக்ரஷன், அதாவது ஒரு அளவு மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று கோடு போட்டுப் பார்ப்பது) பாடம் பாதி முடிந்த மாதிரி.

இரண்டு பறவைகளுக்கு அலகு அளவே இல்லை, காலியிடம்தான். அதை என்ன செய்வது என்றும் யோசியுங்கள்.

உங்கள் ஆய்வேட்டில் எனக்குப் பயம் வேறு இடத்தில்: ஒரே குளத்தில் பத்துத் தடவை மொண்ட நீரைப் பத்துக் குளமாக எண்ணிவிடாதீர்கள். மாதிரி எடுக்கக் கிளம்பும் முன்பே புள்ளியியல் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.