வீட்டிலும் அதே குரல்

வணக்கம் மேடம்,

ஆறு வருடமாக வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் போனில் புகார் கேட்கும் வேலை. என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே பேசினால் அது குரலிலும் தெரியுமாம். எதிர்முனையில் கெட்ட வார்த்தையில் திட்டினாலும் நாங்கள் லைனைத் துண்டிக்கக் கூடாது.

போன வாரம் என் ஏழு வயது மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். "உங்கள் சிரமம் புரிகிறது, சற்றுப் பொறுத்திருங்கள்" என்றேன். ஆபீஸில் சொல்லும் அதே வரி. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். எனக்குப் பாசமே வற்றிவிட்டதா மேடம்?

- ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

பாசம் வற்றியிருந்தால் அந்தப் பார்வை உங்களை இத்தனை நாள் உறுத்தியிருக்காது.

உங்கள் வேலையில் பாதிக்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்டு விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983-ல் இதைப் பற்றி எழுதினார். அவர்கள் சிரிக்க வேண்டும், இவர்கள் முறைக்க வேண்டும், இரண்டும் சம்பளத்துக்காகத்தான். மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரிக்கிறவரிடம் யாரும் வலியைப் பற்றிக் கேட்பதில்லை.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று நாள் முழுக்க நடிப்பதுதான் ஆளை அதிகம் தின்கிறது. திட்டுக்கு மரத்துப்போகப் பழகிய மனசு, வீட்டு வாசலில் சட்டென்று மாறிவிடாது. தீராத பணி அழுத்தத்தால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனமே 2019-ல் வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அதனால் உங்கள் குணத்தைக் குறை சொல்லாதீர்கள்.

மோசமான அழைப்பு முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி, இரண்டு நிமிடமாவது எழுந்து நில்லுங்கள். பக்கத்து சீட் தோழியிடம் கொட்டித் தீர்த்துவிடுங்கள். ஆனால் விதியை மாற்றாமல் ஊழியரை மட்டும் "மூச்சுப்பயிற்சி செய்" என்பது எனக்குச் சம்மதமில்லை. நாலைந்து பேர் சேர்ந்து மேலாளரிடம் பேசுங்கள். ஒருமுறை எச்சரித்தும் ஆபாசப் பேச்சு தொடர்ந்தால் அழைப்பைத் துண்டிக்க அனுமதி கேளுங்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மகள். அந்தக் குரல் வீட்டில் மறுபடி வந்தால் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "அம்மா ஆபீஸ் குரல்ல பேசிட்டேன்டா. எங்கே, காலைக் காட்டு" என்று சொல்லுங்கள். ஏழு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.