ஓடைநீரில் மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதுளைப் பக்கத்து மலைக் கிராமம் எங்களுடையது. மேலே ஓர் ஓடை இறங்குகிறது. 20 வீடுகளுக்கு அதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

பதில்: தண்ணீரில் சுழன்று மின்சாரம் தரும் சக்கரம் (டர்பைன்) வாங்கும் பேச்சு பிறகு. முதலில் ஓடையை அளவெடுங்கள், அதுவும் ஊவாவில் மழை குறையும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில். மாரிக்காலத்து ஓடையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் பாதி வருடம் இருட்டுதான்.

மண்மூட்டை போட்டு மறித்து, தண்ணீரைக் குழாய் வழியாக 100 லிட்டர் பீப்பாயில் விடுங்கள். 10 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர். இறக்கத்தின் உயரத்தை, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸை மட்டம் பார்த்து, படிப்படியாக இறங்கி அளக்கலாம். உயரம் (மீட்டர்) × விநாடிக்கு லிட்டர் × 5 = கிடைக்கும் வாட். 40 மீட்டர் இருந்தால் 2,000 வாட், வீட்டுக்கு 100. எல்.ஈ.டி. விளக்கு, சின்ன டிவி, போன் சார்ஜ் ஓடும். ரைஸ் குக்கர், அயன் வேண்டாம். ஓடையில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் ஓடட்டும். கீழே இருப்பவர்களுக்கும் அது வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் குழாய். 10 லிட்டர் பாயும்போது 100 மீட்டர் நீளத்தில் 4 அங்குல பி.வி.சி. குழாய் சுமார் 1½ மீட்டர் உயரத்தைத் தின்னும். 3 அங்குலக் குழாய் கிட்டத்தட்ட 6 மீட்டரை விழுங்கிவிடும். வால்வை எப்போதும் மெதுவாக மூடுங்கள்; சட்டென்று மூடினால் தண்ணீர் அடித்துக் குழாய் வெடிக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் பெல்டன் சக்கரம் (விளிம்பிலுள்ள கிண்ணங்களில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கச் சுழல்வது) ஓடுகிறது. இரவு 10 மணிக்குமேல் பல்புகள் எரிந்து போகின்றன. ஏன்?

பதில்: எல்லோரும் விளக்கை அணைத்ததும் சக்கரத்துக்குச் சுமை குறைகிறது. தண்ணீர் குறையவில்லை, அதனால் வேகம் ஏறி வோல்டேஜும் ஏறுகிறது. மிஞ்சும் மின்சாரத்தை, வோல்டேஜைச் சீராக வைக்கும் கன்ட்ரோலர் என்ற கருவி தண்ணீர்த் தொட்டியிலுள்ள ஹீட்டர்களுக்குத் திருப்ப வேண்டும். உங்கள் ஹீட்டர்களில் ஒன்று எரிந்துபோயிருக்கும். பெரும்பாலும் தொட்டி வற்றுவதால்தான் இது நடக்கும். ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஹீட்டர்களின் மொத்த வாட், சக்கரம் தருவதைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும்.

கேள்வி: மழை பெய்தால் வெளிச்சம் மங்குகிறதே?

பதில்: குப்பையைத் தடுக்கும் வலைத்தட்டியை இலைச் சருகு அடைத்திருக்கும். குழாய் தொடங்கும் மேல்தொட்டியில் நீர்மட்டம் இறங்கி, குழாய் காற்றை உறிஞ்சும். மழை நாளில் காலையும் மாலையும் தட்டியைச் சுத்தம் செய்ய ஒருவருக்கு ஊர் மின்சாரச் சங்கம் சம்பளம் கொடுக்கட்டும். மணல் படியும் தொட்டியின் அடிக்கதவையும் அவரே திறந்துவிடலாம். மணல் உள்ளே போனால் தண்ணீரைப் பீய்ச்சும் முனை தேய்ந்து துளை பெரிதாகும், கிண்ணங்களும் அரிக்கப்படும்.