மூத்த குரலில் புதுப் பாட்டு: கேள்வி பதில்

மூத்த பாடகர்கள் இக்காலப் பாடல்களை எடுத்துப் பாடுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மதுரை மெல்லிசை மேடைகளில் 35 ஆண்டுகள் ஆர்மோனியமும் கீபோர்டும் வாசித்தவர் பதிலளிக்கிறார்.

திருமங்கலம் வாசகர்: அடுத்த தலைமுறையின் வெற்றிப் பாடல்களை மட்டுமே பாடி ஒரு மூத்த பாடகர் முழு ஆல்பம் வெளியிட்டதுண்டா?

உண்டு. 1957இல், பதின்பருவத்திலேயே 'டயானா' பாடலால் புகழ்பெற்ற கனடாப் பாடகர் பால் ஆங்கா, அறுபதைக் கடந்தபின் 2005இல் 'ராக் ஸ்விங்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். நிர்வாணா, ஒயாசிஸ், சவுண்ட்கார்டன் முதலிய ராக் குழுக்களின் பாடல்களை, ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் ஸ்விங் இசைக்குழுவோடு பாடினார். கிதார் இரைச்சலுக்குள் இத்தனை நல்ல மெட்டு இருந்ததா என்று கேட்பவர் வியப்பார். ஆயினும் ஆத்திரத்தில் பிறந்த சில வரிகள், கல்யாண வரவேற்பு மேடையின் உற்சாகத்தோடு வரும்போது ஒட்டாமல் நிற்கின்றன என்பது என் கருத்து.

மேலூர் வாசகி: அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்' பாடலை மட்டும் ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

1994இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவுக்காக ட்ரென்ட் ரெஸ்னர் எழுதிய பாடல் அது. ரிக் ரூபின் தயாரிப்பில் கேஷ் பாடிய ஒலிப்பதிவு 2002இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 70. மறு ஆண்டே காலமானார். தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விடுவதைச் சொல்லும் வரியை இளைஞர் பாடினால் அது பிரிவு. எழுபது வயதுக்காரர் பாடினால் அது சாவு. சொல் அதேதான். கிரீடத்தைப் பற்றிய வரியிலிருந்த கொச்சைச் சொல்லை மட்டும் நீக்கி, கிறிஸ்துவை நினைவூட்டும் முள்முடியாக்கினார். அந்தப் பாடல் இனித் தன்னுடையதல்ல என்று ரெஸ்னரே பின்னர் சொன்னார்.

அனுப்பானடி வாசகர்: எனக்கு வயது 61. புதுப் பாடல்களைப் பாடினால் சரணத்தில் குரல் உடைகிறது. சுருதியை இறக்குவது கௌரவக் குறைவா?

இல்லை, ஐயா. ஒரு கோயில் திருவிழாவில் எங்கள் குழுவின் மூத்த பாடகர், அப்போது புதிதாக வந்திருந்த பாடலை மூலச் சுருதியிலேயே பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பல்லவி எப்படியோ தப்பிப் பிழைத்தது; ஆனால் சரணத்தின் மேல் ஸ்தாயியில் குரல் பிசிறி, கூட்டத்தின் விசிலில் மீதிப் பாட்டு மூழ்கியது. மறு ஆண்டு ஒன்றரைக் கட்டை இறக்கினோம். எனக்குக் கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்குவதோடு வேலை முடிந்தது. புல்லாங்குழல்காரர் வேறு குழலை எடுத்தார். தபேலாக்காரரிடம் அந்தச் சுருதிக்கு ஏற்ற வலந்தலை (வலக்கையால் வாசிக்கும் பகுதி) இல்லாததால் அவர் டோலக்குக்கு மாறினார். தாளத்தையும் சற்றுத் தளர்த்தினோம். அன்று விசில் வரவில்லை. பாட்டு முடிந்தும் சிறிது நேரம் யாரும் கைதட்டவில்லை. சுருதியை இறக்கும்போது வேகத்தையும் பாருங்கள். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வரியும் முடியும்படி அமைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

கரிமேடு வாசகர்: கரோக்கி டிராக் போதாதா?

பழகுவதற்குப் போதும். ஆனால் அதன் வேகமும் இடையிசையும் வேறொருவரின் மூச்சுக்காக அமைக்கப்பட்டவை.

உசிலம்பட்டி வாசகர்: புதுப் பாடல்களை எடுத்துப் பாடி ஆல்பம் வெளியிட அனுமதி தேவையா?

தேவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 31சி பிரிவின்படி, முதல் ஒலிப்பதிவு நிகழ்ந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிந்தபின், முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்திக் கவர் பதிவு (வெளிவந்த பாடலை வேறொருவர் பாடும் பதிவு) செய்யலாம்; குறைந்தது 50,000 படிகளுக்கு அத்தொகை கணக்கிடப்படும். அதற்கு முன் என்றால் உரிமையாளரின் நேரடி இசைவு வேண்டும். தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாடலை மாற்றக் கூடாது என்றும் அப்பிரிவு சொல்வதால், கேஷ் செய்ததுபோல் ஒரு சொல்லை மாற்ற நினைப்பவர் கூட நேரடி இசைவு பெறுவதே நல்லது.

தெப்பக்குளம் வாசகி: நம் ஊர் டி.எம்.எஸ். புதுப் பாணியில் பாடியிருந்தால் எடுபட்டிருக்குமா?

2010இல் செம்மொழி மாநாட்டுப் பாடலில், ஏ.ஆர். ரகுமானின் இசையில் 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்று தொடங்கும் குரல் அவருடையதே. அப்போது அவருக்கு வயது 88. ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள், அம்மா.